கற்பனை நகரத்துக்கும் தண்ணீர் வேண்டும்

வேலூரில் மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்துவாச்சாரியில் என் அலுவலக மேசையைச் சுற்றி ஆறேழு கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து, வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு ஆடுவார்கள். நடத்துவது நான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கிவைத்த வகை இது.

நகரம் ஒன்றை வரைந்து வாருங்கள் என்றால் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். மலை உச்சி, வட்ட மதில், நடுவில் அரண்மனை, ஓரத்தில் மந்திரவாதியின் கோபுரம். ஒரு பையன் கொண்டுவந்த படம் நிஜமாகவே அழகு. ஒன்பது கோபுரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சாபம். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில், திருடியாக ஆடும் பெண் கேட்டாள்: "காலையில ஜனங்க தண்ணி எடுக்க எங்க போவாங்கண்ணா? அங்க நின்னாதான் ஊர் வம்பு காதுல விழும்." அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிணறு இல்லை, குளம் இல்லை, ஆறும் இல்லை. ஒன்பது கோபுரத்திலும் மனிதர்கள் தாகத்தோடு இருந்தார்கள்.

அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டோம். வேலூர்க் கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 730 மீட்டர், அதாவது பத்து நிமிட நடை. ஏக்கருக்கு 75 பேர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 10,000 பேர் அதற்குள் வாழலாம். இன்றைய குடிநீர்த் திட்டங்களில், பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறோம். குழாயே இல்லாத ஊர் என்பதால் 20 லிட்டர் போதும் என்று வைத்தோம். அப்படியும் தினம் 2 லட்சம் லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதின்மூன்றாயிரம் குடத்துக்கு மேல். மலை உச்சிக்கு! பையன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போ ஊரே தண்ணி தூக்குற வேலையாத்தான் இருக்கும்" என்றான். சரியாகப் பிடித்தான். அந்த நகரத்தின் கதை சாபத்தில் இல்லை, அந்தப் படிக்கட்டில் இருக்கிறது. யார் சுமக்கிறார்கள், கூலி என்ன, ஒரு நாள் அவர்கள் ஏறமாட்டோம் என்றால் அரண்மனை என்ன செய்யும்?

அதனால் நகரம் வரையும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் கோடு தண்ணீருக்கு. மதிலும் கோபுரமும் அப்புறம்.

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளை நன்றாகக் கசக்கி, பாதி மட்டும் பிரித்து மேசையில் வையுங்கள். மேடும் பள்ளமுமாக நிற்கும். மேட்டு விளிம்பில் எல்லாம் நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள், தண்ணீரில் கரையும் பேனாவாக இருக்கவேண்டும். இஸ்திரிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். நீலம் கரைந்து சரிவில் இறங்கும், இரண்டு ஓடை ஒரு மடிப்பில் சேரும், கடைசியில் ஏதோ ஒரு பள்ளத்தில் குளம் கட்டி நிற்கும். போன மாதம் ஒரு பெண் அந்தக் குளத்தையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் கரையில் ஒரு புள்ளி வைத்து, "ஊரு இங்க" என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை. நம் பக்கத்து ஊர்கள் பெரும்பாலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன, மேலே ஏரி, கீழே வயல், இடையில் ஊர்.

ஏரி என்றால் வெறும் நீல வட்டம் போதாது. தண்ணீர் வரும் வரத்துக்கால், கரை, வயலுக்குத் திறக்கும் மதகு, மிச்ச நீர் வழியும் கலங்கல் நான்கும் வேண்டும். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கு வரத்தாகப் போகும். ஆகவே மேல் ஊர்க்காரன் கலங்கலில் நாலு கல்லை அடுக்கி உயர்த்தினால், கீழ் ஊர்க்காரனுக்குத் தண்ணீர் குறையும். இரண்டு ஊர்ப் பகைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவே வேண்டாம். எங்கள் ஆட்டத்தில் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி ஒருவர் இருக்கிறார். கிழவர். அரசனைப் பார்க்க யாரும் போவதில்லை, எல்லோரும் அவரைத்தான் தேடிப் போகிறார்கள்.

ஆறு வரைகிறவர்களும் எப்போதும் நிரம்பி ஓடும் ஆற்றையே வரைகிறார்கள். நம் பாலாற்றைப் பாருங்கள். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனால் மணலுக்கு அடியில் நீர் இருந்தது. மணலை நீளமாகத் தோண்டி, அந்த ஊற்று நீரைக் கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றுக்கால் என்பது அதுதான். வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் 1858-ல் கட்டிய அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்புகிறது. வறண்ட ஆற்றங்கரையில் ஒரு பெரிய நகரம் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்குள் பத்து வாரம் ஆடலாம். மணலை அள்ளிவிட்டால் அந்த ஊற்று என்ன ஆகும் என்பதையும் அதிலேயே வைக்கலாம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டே: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கேலிக்குச் சொல்வார்கள். எனக்கு அது நகரம் வரையும் பாடமாகத் தெரிகிறது. ஒவ்வொரு 'இல்லாத'தற்குப் பின்னாலும் ஏதோ நடந்திருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல காலம் மூலவர் இல்லாமலே இருந்து, 1981-ல்தான் திரும்பச் சாமி வந்தது. உங்கள் நகரத்திலும் இருப்பதை மட்டும் எழுதாதீர்கள், இல்லாததையும் எழுதுங்கள்.

கோட்டை வரைகிறவர்கள் தூரத்தையும் மறக்கிறார்கள். 1806 ஜூலை 9 அன்று திப்பு சுல்தானின் மகள் ஒருத்திக்கு வேலூர்க் கோட்டைக்குள் கல்யாணம். புதுத் தலைப்பாகையாலும், நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவாலும் கொதித்திருந்த ஆங்கிலேயக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள், மறுநாள் விடியும் முன் எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஆனால் ஆற்காட்டில் கம்பெனியின் குதிரைப்படை இருந்தது. சுமார் 25 கிலோமீட்டர். செய்தி போனது, காலையிலேயே படை வந்தது, அன்றைக்கே எல்லாம் முடிந்தது. அந்தப் படை நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால்? அடுத்த ஊர் எத்தனை நாழிகை என்பதை வரைபடத்தின் ஓரத்தில் கட்டாயம் எழுதுங்கள். சந்தை, சத்திரம், காவல் எல்லாம் ஆடும்போது தானாக வந்துவிடும்.

தானாக வராதது நாற்றம். உங்கள் வீரனுக்குத் தோல் கவசம், தோல் பை, தோல் செருப்பு. அந்தத் தோல் எங்கே பதமானது? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உப்புப் போட்ட பச்சைத் தோலை ஊறவைக்க ஒரு தொட்டி, மயிர் நீக்கச் சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டை, கடுக்காய், எல்லாவற்றுக்கும் தண்ணீர். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றி 1996-ல் வந்த தீர்ப்பு அது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய வழக்கு, நம் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரிலிருந்து போனது. அந்தத் தண்ணீரின் கதை அதோடு முடியவும் இல்லை, 2025 ஜனவரியில் இதே விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது.

ஆகவே தோல் தெருவை ஆற்றின் கீழ்ப்போக்கில் வையுங்கள். வைத்துவிட்டு, அதற்கும் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் ஊர்களில் அந்த இடத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த மக்களை இருட்டுச் சந்தில் நிற்கும் அடையாளமில்லாத கூட்டமாக வரையாதீர்கள். பெயர் கொடுங்கள், தொழில் நுணுக்கம் கொடுங்கள், கோபம் கொடுங்கள். எங்கள் ஆட்டத்தில் அந்தத் தெருக் கிழவி ஒருத்தி நிறம் மாறிய தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு சபைக்கு வந்து, "நீங்க ஒரு வாய் குடிங்க" என்றாள். வாளை உருவ யாருக்கும் கை வரவில்லை. மூன்று மணி நேரம் பேச்சிலேயே ஓடியது, யாரும் மொபைலை எடுக்கவில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் மலையடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவு வரைந்தேன். நடுவே ஒரு ஓடை. "பத்து வருஷமா சொட்டுத் தண்ணி வரல சார், ரோடாப் போட்டுடுங்க" என்றார் இடத்துக்காரர். 23 அடி சாலையாக வரைந்துகொடுத்தேன். 2021 நவம்பர் மழையில் பாலாற்றில் வெள்ளம் வந்த அதே வாரம், அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. நான் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் பள்ளிப் புத்தகங்களைக் கட்டில்மேல் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஓடை தன் வழியில்தான் வந்தது. கோடு மாற்றிப் போட்டவன் நான். அதற்குப் பிறகு என் மேசையில் எந்த வரைபடத்திலும், நிஜமோ கற்பனையோ, நீலக் கோடு விழாமல் கறுப்புக் கோடு விழுவதில்லை.

போன ஞாயிறு திருடியாக ஆடும் பெண் பகடையோடு ஒரு தாளும் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் மனை வாங்கப் போகிறார்களாம். அரசு இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படமும், ஒவ்வொரு எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் எடுத்திருந்தாள். மனைக்குப் பின்னால் ஒல்லியாக இரண்டு கோடு, தனி எண். பதிவேட்டில் 'ஓடை' என்று இருந்தது. விற்பவர் கொடுத்த பளபளப்பான லேஅவுட் படத்தில் அதே இடம் பூங்கா.

பகடையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். வரும் ஞாயிறு எல்லோருமாக அந்த இடத்தைப் போய்ப் பார்க்கிறோம். கசக்கின தாளையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.