முதலில் சீட்டை ஏற்றுங்கள், பிறகு முட்டியைக் காட்டுங்கள்

ஜனவரியில் எக்சர்சைஸ் சைக்கிள் வாங்குகிறார்கள், பிப்ரவரியில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறார்கள். இந்த வாரமும் ஓர் அம்மா வந்தார். முட்டிச்சில்லைச் சுற்றி வலி, மாடிப்படி இறங்கினால் குத்துகிறது. "முட்டி தேயுதோ டாக்டர்?" என்று பயந்து எக்ஸ்ரேயும் எடுத்து வைத்திருந்தார். அதில் சொல்லும்படி ஒன்றுமில்லை. வீட்டில் ஓட்டுவதைப் பக்கவாட்டில் நின்று மொபைலில் எடுத்து அனுப்பச் சொன்னேன். வழக்கம்போல சீட் அடிமட்டத்தில். ஒவ்வொரு சுற்றுக்கும் முட்டி வயிற்றை முட்டிவிட்டு இறங்குகிறது.

ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "கால் தரையில எட்டணும்ல?"

எட்ட வேண்டாம். ரோட்டில் சிக்னலில் நிற்கக் கால் ஊன்ற வேண்டும், சரி. வீட்டு ஹாலில் எந்த சிக்னல் வரப்போகிறது? சைக்கிள் சாயாது. தரைக்கும் உங்கள் காலுக்கும் சம்பந்தமே இல்லை. பெடலுக்கும் காலுக்கும்தான் கணக்கு. சீட் தாழ்ந்தால் முட்டி அளவுக்கு மீறி மடங்கும். அந்த நிலையில் அழுத்தி மிதிக்கும்போது முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் போய் நசுங்கும். வயதானதால் வந்த வலி இல்லை இது.

அளவு பார்க்க ஒரு நிமிடம் போதும். பெடலை அடியில் நிறுத்தி அதன்மேல் குதிகாலை வையுங்கள். முட்டி நேராக நீள வேண்டும். இப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால், கால் கீழே இருக்கும்போது முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு இருக்கும். அதுதான் சரி. இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினாலோ, முட்டிக்குப் பின்னால் இழுத்தாலோ சீட் ஏறிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்காரர் ஐந்தடி எட்டு, நீங்கள் ஐந்தடி ஒன்று என்றால் ஒரே உயரம் இருவருக்கும் எப்படிச் சரிவரும்? அவரவர் அளவை நெயில் பாலிஷால் சீட் கம்பியில் குறித்து வையுங்கள். கம்பியில் 'மேக்ஸ்' அல்லது 'ஸ்டாப்' கோடு இருக்கும். அதைத் தாண்டித் தூக்காதீர்கள்.

இதனால்தான் வாங்கும்போது டிஸ்பிளேயைப் பார்க்காமல் சீட் கம்பியைப் பார்க்கச் சொல்கிறேன். விலை குறைந்தவற்றில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், உங்கள் உயரம் இரண்டு துளைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். சீட் முன்னும் பின்னும் நகர்ந்தால் இன்னும் நல்லது. அடுத்து, தாங்கும் எடை. உங்கள் எடையைவிடத் தாராளமாகக் கூட இருக்கட்டும். பெடலை டைட்டாக்கும் பிரேக்கில் பட்டை உரசும் வகை மலிவு, ஆனால் தேயும், சத்தம் போடும். காந்த பிரேக் விலை கொஞ்சம் அதிகம். அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்கள் அந்தக் காசைக் கொடுத்துவிடலாம். முதுகுவலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரகம்தான் என் சிபாரிசு. அது கொஞ்சம் இடத்தை அடைக்கும். கியர் சைக்கிள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பின்சக்கரத்தைத் தூக்கி மாட்டும் டிரெய்னர் ஸ்டாண்ட் போதும். முள் டயரோடு ஓட்டினால் மிக்ஸி ஓடுவது போலக் கேட்கும், வழவழப்பான டயருக்கு மாற்றிவிடுங்கள்.

கலோரிக் கணக்கா? உங்கள் எடையைக் கேட்காத, பெடல் எவ்வளவு டைட்டாக இருக்கிறது என்று தெரியாத பெட்டி காட்டும் எண் அது. அதை நம்பி இரண்டு பூரி அதிகமாகச் சாப்பிடாதீர்கள். டைட்டைக் கூட்டினால் தொப்பை சீக்கிரம் குறையும் என்பதும் கதைதான். லேசாக வைத்து நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று. மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

நெஞ்சு வலி, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, சர்க்கரைக்கு இன்சுலின் என்று ஏதாவது இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மாட்டும்போது ஒன்று: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போல வலப்பக்கம் திருகி மரையைக் கெடுத்துவிட்டு, கம்பெனியைத் திட்டுகிறார்கள். பெடலில் 'எல்', 'ஆர்' என்று எழுதியிருக்கும், பார்த்து மாட்டுங்கள்.

கனமான சக்கரம் வைத்த ஸ்பின் பைக்கில் பெரும்பாலும் நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காலை வெடுக்கென்று எடுக்காதீர்கள். டைட் திருகும் குமிழை அழுத்தினால் நிற்கும். ஓட்டி முடித்ததும் அந்தக் குமிழை முழுக்க இறுக்கி வையுங்கள். சுற்றும் சக்கரத்தில் விரல் விட்டுப் பார்க்காத குழந்தை எந்த வீட்டிலும் இல்லை.