ஜாமீன் கையெழுத்தை சாட்சிக் கையெழுத்து என்று நினைக்காதீர்கள்

"சும்மா சாட்சிக்குத்தான் சார் கையெழுத்து போட்டேன்." கடன் வசூல் வழக்குகளில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். சகலையின் கடைக்கு வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார். சகலை கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். இப்போது இவர் சம்பளத்தைப் பிடிக்க உத்தரவு வந்திருக்கிறது. ஒப்பந்த நகலைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இவருடைய கையெழுத்து. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்கிறார்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இன்னொரு நம்பிக்கை. "முதல்ல அவன் சொத்தை ஏலம் விடட்டும், பத்தலைன்னா என்கிட்ட வரட்டும்" என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. கடன் வாங்கியவரைத் துரத்தி முடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. அசல், வட்டி, செலவு எல்லாமே உங்கள் தலையில்தான். வங்கிக்கு யாரிடம் வசூலிப்பது சுலபமோ அவரிடம்தான் வரும். மாதச் சம்பளக்காரர் ஓடிப்போக மாட்டார் அல்லவா? தீர்ப்பாகிவிட்டால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாய் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குவரை பிடிக்கலாம்.

கடன் வாங்கியவர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அது தெரியும். நாளைக்கு உங்கள் வீட்டுக் கடன் விண்ணப்பம் அங்கேதான் முட்டி நிற்கும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போடாதீர்கள், மேனேஜர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. எவ்வளவு தொகைவரை பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். நகல் தரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் வியாபாரக் கடன் என்றால், இனி வரும் வரவுசெலவுக்கு நான் பொறுப்பில்லை என்று வங்கிக்கு எழுத்தில் கொடுக்க முடியும். ஏற்கெனவே வாங்கிய கடன் அதனால் போகாது, ஆனால் மேலும் ஏறாது.

தயவுசெய்து, நோட்டீஸ் வந்தால் கையெழுத்து போட்டு வாங்குங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடாது; எக்ஸ்பார்ட்டி ஆகி, உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். அப்புறம் பணத்தை நீங்களே கட்ட நேர்ந்தால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தொகையைக் கடன் வாங்கியவரிடம் கேட்டு வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு.