லித்தியம் பேட்டரியில் பி.எம்.எஸ். இருக்கிறது என்ற தைரியத்தில் படகை எடுக்காதீர்கள்

மும்பைக் கடலில், மாண்ட்வாவிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் திரும்பிக்கொண்டிருந்த 30 அடி பாய்மரப் படகு. இருட்டிவிட்டது, காற்று இல்லை, இன்ஜினில் வருகிறார்கள். திடீரென்று படகின் விளக்குகள், வி.எச்.எஃப். ரேடியோ, ஜி.பி.எஸ். எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. பெரிய கப்பல்கள் போய்வரும் பாதையில் விளக்கில்லாத படகு. டார்ச் அடித்துக்கொண்டே கரை சேர்ந்திருக்கிறார்கள்.

மறுநாள், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றினேன். டயோடு தட்டு கருகி, வார்னிஷ் தீய்ந்த வாடை. இந்த சீசனில் எனக்கு இது மூன்றாவது. மூன்றிலும் பழைய லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு, அதே ஒயரில் லித்தியத்தை மாட்டியிருந்தார்கள்.

"அண்ணே, உள்ளேயே பி.எம்.எஸ். இருக்கு, எல்லாத்தையும் அது பார்த்துக்கும்னு கடையில சொன்னாங்களே" என்றார் படகுக்காரர்.

எத்தனை முறைதான் சொல்வது? பி.எம்.எஸ். என்பது லித்தியம் பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை. அது காப்பாற்றுவது பேட்டரியை, உங்கள் படகை அல்ல. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 3.65 வோல்ட்டைத் தாண்டினாலோ, சூடு ஏறினாலோ அது இணைப்பைத் துண்டித்துவிடும். பேட்டரிக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த நொடியில் ஆல்டர்னேட்டர் கொட்டிக்கொண்டிருந்த கரன்ட் எங்கே போகும்? வோல்டேஜ் எகிறும், டயோடு போகும். அன்று பி.எம்.எஸ். பழுதாகவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதனால்தான் படகு இருட்டானது. அது கடைசித் தடுப்பு. சார்ஜிங் அதற்கு முன்பே தானாக நிற்க வேண்டும்.

போதாததற்கு, லெட் ஆசிட், சார்ஜ் ஏற ஏறக் குறைவாக இழுக்கும். லித்தியம் ஏறக்குறைய நிறையும் வரை முழு மூச்சில் இழுக்கும். மே மாத மும்பையில், மூடிய இன்ஜின் அறையில், ஆல்டர்னேட்டர் வெந்துபோகும்.

இன்ஜின் ஸ்டார்ட் செய்ய லெட் ஆசிட்டையே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் அதற்கு மட்டும் போகட்டும், அங்கிருந்து, கரன்ட்டை அளவோடு ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு. ரேடியோவையும் விளக்குகளையும் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் கட்டாயம். லித்தியத்தின் பாசிட்டிவ் முனையை ஒட்டி கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்கள். கார் கடை ஃபியூஸ் வேண்டாம். லித்தியம் ஷார்ட்டானால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். கார் ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி நிற்காது.

பழைய மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்துக் கட்டிய பேக்கை மட்டும், கெஞ்சிக் கேட்கிறேன், படகில் ஏற்றாதீர்கள். அவற்றில் பல என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) லித்தியம் செல்கள், அயர்ன் பாஸ்பேட்டைவிடச் சீக்கிரம் தீப்பிடிப்பவை. எரியும் முன்பே ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கேபினை நிறைக்கும். கேபினுக்கு இருப்பதோ ஒரே வாசல். பிள்ளைகள் உள்ளே தூங்குகிறார்கள்.

ஜூனுக்கு முன் படகைக் கரையேற்றும்போது லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு, ஒயரைக் கழற்றி வையுங்கள். மழைக்காலம் முடிந்து மாட்டும்போது ஒயர் முனையில் இருக்கும் உலோக லக்கில் பச்சைக் களிம்பு தெரிந்தால் சுரண்டி மாட்டாதீர்கள். லக்கையே வெட்டிப் புதிது போடுங்கள்.