பட்டடையைத் தாங்கும் கட்டை

பழைய இரும்புக் கடையில், காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் 50 கிலோ எடையுள்ள பட்டடை ஒன்று எனக்குக் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, செங்கல்லில் கட்டிய சின்ன உலை, துருத்திக்குப் பதில் ஒரு புளோயர் என்று எல்லாம் தயார். பட்டடையை வைக்க எல் ஆங்கிளில் நான்கு கால் மேசை ஒன்றை வெல்டிங் செய்து வாங்கினேன். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. அடிக்கத் தொடங்கியதும் காது கிழியும் சத்தம். பத்து நிமிடத்துக்குள் மேசை உலையை விட்டு ஒரு சாண் நகர்ந்துவிடும். இரும்போ நான் நினைத்த அளவுக்கு மசியவில்லை. கைதான் வலித்தது.

ஊரில் அரிவாள், கொழு அடித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் வந்தார். என்னை அடிக்கச் சொல்லிவிட்டு மேசையின் காலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அடி இங்க வருது தம்பி. இரும்புலதான நிக்கணும்" என்றார்.

பட்டடைக்குக் கீழே வைக்கும் கட்டையைப் பற்றிய அறிவியல் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். அதை எண்களால் விரித்துப் பார்க்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

ஒரு கிலோ சுத்தியல் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 18 ஜூல். பழுக்கக் காய்ந்த இரும்பு 3 மி.மீ. நசுங்கி அந்தச் சுத்தியலை நிறுத்துகிறது என்றால், நிற்க ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய நேரத்தில் நிறுத்த வேண்டியிருப்பதால் சராசரி விசை 6,000 நியூட்டன் ஆகிறது. 600 கிலோ மூட்டையை ஒரு கணம் இறக்கி வைத்து எடுத்த மாதிரி. கை ஒன்று, சுத்தியல் ஒன்று. கீழே இறங்குவதோ அரை டன்னுக்கு மேல்.

இந்த 18 ஜூலில் எவ்வளவு இரும்பை நசுக்கப் போகிறது, எவ்வளவு பட்டடையை அசைப்பதில் வீணாகிறது? விடை எடை விகிதத்தில் இருக்கிறது. சுத்தியல் துள்ளாமல் இரும்போடு ஒட்டி நிற்பதாகக் கொண்டால், பட்டடையின் எடையைப் பட்டடை, சுத்தியல் இரண்டின் கூட்டு எடையால் வகுக்க வேண்டும். 50 கிலோ பட்டடை, ஒரு கிலோ சுத்தியல்: 98 சதவீதம் இரும்புக்குப் போகிறது. அதே பட்டடையில் ஒருவர் குறடு பிடிக்க, இன்னொருவர் 5 கிலோ சம்மட்டி போட்டால் 91 சதவீதம். 10 கிலோ இரும்புத் துண்டைப் பட்டடையாக வைத்து அதே சம்மட்டியைப் போட்டால் 67 சதவீதம்தான். அடியில் மூன்றில் ஒரு பங்கு வீண். நெஞ்சின் மேல் கனமான கல்லை வைத்துச் சம்மட்டியால் உடைக்கும் தெருவித்தையில் படுத்திருப்பவர் பிழைப்பதும் இதனால்தான். கல் கனமாக இருக்க இருக்க அது அசையாது. அசையாத கல் நெஞ்சுக்கு ஆற்றலைக் கடத்தாது.

இதன் பெரிய வடிவம் பிரான்சின் லெ க்ரூசோ நகரில் இன்றும் நிற்கிறது. 1877-இல் கட்டிய அந்த நீராவிச் சம்மட்டியின் அடிக்கும் பகுதி 100 டன். அதன் பட்டடையும் அடிப்பாகமும் சேர்ந்து 700 டன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய வார்ப்பிரும்புப் பாளத்தைக் கட்டியவர்கள் நேரே கல் அஸ்திவாரத்தின் மேல் வைக்கவில்லை. இடையில் ஓக் மரத்தை அடுக்கினார்கள். இரும்புக்கும் கல்லுக்கும் நடுவே மரம் என்ற முடிவுக்கு அவர்களும் வந்திருந்தார்கள் என்பதைப் படித்தபோது, எங்கள் ஊர்ப் பட்டறையில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த மரக்கட்டை நினைவுக்கு வந்தது.

98 சதவீதம் இரும்புக்கே போகிறது என்றால் என் மேசை எதைக் கெடுத்தது? இங்கேதான் நான் முதலில் தவறினேன். அந்தக் கணக்கு பட்டடையின் நட்ட நடுவில் விழும் அடிக்கு மட்டும். ஓரத்திலோ, பக்கவாட்டில் நீண்டிருக்கும் கொம்பிலோ அடித்தால் பட்டடை கீழே போவதோடு சாயவும் முயல்கிறது. அப்போது அடியை எதிர்ப்பது முழு 50 கிலோ அல்ல. அதைவிடக் குறைந்த எடைதான். நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் அது பாதிக்கும் கீழே போகலாம். அரிவாளின் வளைவுக்கும் கொக்கிக்கும் நாம் அடிப்பதெல்லாம் கொம்பில்தான். சாயவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அடியில் இருக்கும் தாங்கி. என் ஆங்கிள் கால்கள் அதைச் செய்யவில்லை. அவை வில்லாக வளைந்து நிமிர்ந்தன. நிமிரும் கணத்தில் பட்டடை எம்பும். எம்பினால் தரையோடு உராய்வு குறையும். சுத்தியல் சற்றே சாய்வாக விழுந்தாலும் மேசை நகரும். மேசை நடந்தது அப்படித்தான்.

இன்னொரு கேள்வியும் என்னைக் குடைந்தது. ஆயிரத்தில் ஒரு நொடியில் முடிந்துபோகும் அடிக்கு, கீழே இருக்கும் கட்டை எப்படி உதவ முடியும்? செய்தி அங்கே போய்ச் சேர நேரம் இருக்கிறதா? இருக்கிறது. எஃகில் அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓடும். 25 செ.மீ. உயரப் பட்டடையில் அது மேலிருந்து கீழே போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அடி முடிவதற்குள் பத்துமுறை போய் வந்துவிடும். மரத்தில் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வேகம். அரை மீட்டர் கட்டையிலும் நான்கு முறை போய் வரும். அதாவது இரும்பு நசுங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டை அந்த அடியில் பங்கெடுத்துவிடுகிறது. பட்டடையோடு இறுகப் பொருந்தியிருந்தால் அதன் எடையும் பட்டடையின் எடையோடு சேர்கிறது. இடையில் இடைவெளியோ தடிமனான ரப்பரோ இருந்தால் சேராது. இதனால்தான் பழைய டயர் துண்டை அடியில் போட்டால் போதும் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. அது சத்தத்தைக் குறைக்கும். பட்டடையை வில்லின் மேல் உட்கார வைக்கும்.

நார் ஓடும் திசை என்று சொன்னதை விளக்க வேண்டும். மரம் என்பது நீளவாக்கில் ஒட்டி நிற்கும் நுண்குழல்களின் கட்டு. நிற்கவைத்து அழுத்தினால் தூண்; படுக்கவைத்து அழுத்தினால் குழல்கள் நசுங்கும். நிற்கும் திசையில் மரத்தின் விறைப்பு, குறுக்குத் திசையில் இருப்பதைவிடப் பத்து முதல் இருபது மடங்கு அதிகம். நம் வீட்டு மர உரலைப் பாருங்கள், நின்ற மரத்தை நின்றபடியே குடைந்தது. கறிக்கடையில் போட்டிருக்கும் புளியங்கட்டையும் அப்படியே, வெட்டுமுகம் மேலே. கத்தி நார்களுக்கு இடையே இறங்கி வெளியே வரும், கட்டை சிதையாது. பட்டடைக்கும் அதே புளி, அதே நிற்பு. பலகைகளைப் படுக்கவைத்து அடுக்கி ஆணியடித்த தாங்கி சில மாதத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

நான் எடுத்தது 40 செ.மீ. குறுக்களவுள்ள புளியங்கட்டை. உயரத்தைத் தீர்மானிக்க ஒரு பழைய வழி: நேராக நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்குங்கள். விரல்முட்டி எங்கே நிற்கிறதோ அங்கே பட்டடையின் முகம் வர வேண்டும். எனக்கு அது 72 செ.மீ.; பட்டடையின் 25 போக, கட்டைக்கு 47. முட்டிக் கணக்கு தொடக்கத்துக்குத்தான், கடைசித் தீர்ப்பை இரும்பு சொல்லும். அடித்த தகட்டில் பிறை வடிவத் தழும்பு உங்கள் பக்கமாக விழுந்தால் பட்டடை உயரம் அதிகம்: பிடி தாழ்ந்து தலை ஏறி நிற்பதால் சுத்தியலின் கைப்பக்க விளிம்பு முதலில் படுகிறது. தழும்பு எதிர்ப்பக்கம் விழுந்தால் பட்டடை தாழ்வு. தாழ்வாக இருந்தால் இடுப்பும் சொல்லிவிடும். உட்கார்ந்து அடிக்கும் நம் பழைய முறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கட்டை மண்ணுக்குள் இறங்கியிருக்கும். சுற்றிலும் இறுகிய மண்ணே பக்கவாட்டுத் தாங்கல். அதைவிட உறுதியான அமைப்பு கிடையாது என்றே நினைக்கிறேன். சிமென்ட் தரை போட்ட கொட்டகையில் எனக்கு அது வாய்க்கவில்லை.

வெட்டிய கட்டை காயும்போது வெடிக்கும். மரம் அதன் ஆண்டு வளையத்தின் வழியாகச் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டம் சுருங்கும் அளவுக்கு ஆரம் சுருங்காததால் எங்காவது பிளந்தே தீரும். அந்தப் பிளவை அடக்க இரும்பு வளையம் வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் அதே வேலை: வளையத்தைக் கட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செய்து, வரட்டி நெருப்பில் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே இறக்கித் தண்ணீர் ஊற்றுவது. 126 செ.மீ. சுற்றளவுள்ள வளையத்தின் வெப்பம் 500 டிகிரி ஏறினால் 7 முதல் 9 மி.மீ. வரை நீளும். ஆறியதும் அவ்வளவையும் இறுக்கமாகத் திருப்பிக் கொடுக்கும். மேல் வளையத்தை அப்படிப் போட்டேன். கீழ் வளையத்தை இரண்டு பாதியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கும்படி விட்டேன்.

மேல்முகத்தைச் சமமாக்குவதில் மட்டும் பொறுமை குறையக் கூடாது. ரசமட்டம் வைத்து, பட்டடையின் அடியில் கரி பூசி, கட்டையின் மேல் வைத்து எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை உளியால் செதுக்கி, மறுபடி வைத்து... இரண்டு நாள் ஆயிற்று. மூன்று புள்ளியில் மட்டும் தொட்டு நிற்கும் பட்டடை எடையைக் கடத்தாது. உள்ளே ஒரு இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். கடைசியில் இரண்டு மி.மீ. அளவுக்குச் சிலிகோன் சீலன்ட் பூசி உட்கார வைத்து, நான்கு பக்கமும் இரும்புப் பட்டையால் பிடித்து போல்ட் முடுக்கினேன். மெல்லிய படலம் என்பதால் அது வில்லாக வேலை செய்வதில்லை. மிச்சமிருக்கும் நுண்ணிய இடைவெளிகளைத்தான் நிரப்புகிறது.

சத்தம் நின்றது எனக்கே வியப்பாக இருந்தது. பட்டடை ஒரு மணி. அடித்ததும் தன் இயல்பான அதிர்வெண்களில் ஒலிக்கும். மணியை விரலால் தொட்டால் நாதம் அடங்குவதுபோல, இறுகப் பிடித்த மரம் அந்த அதிர்வை உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகிறது. கொம்பின் அடியில் ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டுவதும் பட்டடையின் இடுப்பில் சங்கிலியைச் சுற்றுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனாலும் காதடைப்பான் இல்லாமல் அடிக்காதீர்கள். நாள் முழுக்கக் கேட்டால் 85 டெசிபெல்லே காதைக் கெடுக்கும். சுத்தியல் அடி அதைத் தாண்டிவிடும்.

நல்ல கட்டை கிடைக்காதவர்கள் இரும்பிலேயே தாங்கி செய்யலாம். ஆனால் மூன்று கால். முக்காலியும் அடுப்புக் கல்லும் மேடுபள்ளத்தில் ஆடாமல் நிற்பதன் காரணம், மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பது. நாலாவது கால் வந்தால் ஏதாவது ஒன்று தரையை விட்டு நிற்கும், ஒவ்வொரு அடிக்கும் தட்டும். மூன்று காலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. கால்கள் 30 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் நின்றால், நடுவிலிருந்து கவிழும் கோடு 15 செ.மீ. தூரத்தில் இருக்கும், நான்கு காலுக்கு அது 21. எனவே கால்களை அகட்டி வைத்து, கொம்பு நீளும் திசையில் ஒரு காலைக் கட்டாயம் நிறுத்துங்கள். குழாய்க் கால்களுக்குள் நன்கு காய்ந்த மணலை நிரப்பினால் எடையும் கூடும், மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வையும் தின்றுவிடும். ஈர மணல் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

தண்டவாளத் துண்டைப் பட்டடையாக்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முறையாக ஏலத்தில் விற்ற இரும்பையே வாங்குங்கள். ரயில்வே சொத்தை, முறையாக வந்தது என்று காட்ட முடியாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கியதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 70 செ.மீ. துண்டு 42 கிலோ. படுத்திருந்தால் அதன் மெல்லிய இடைப்பகுதி அதிரும்; எடை அங்குமிங்கும் பரவிக் கிடக்கும். நிமிர்ந்து நின்றால் 42 கிலோவும் சுத்தியலுக்கு நேர் கீழே. முகம் சின்னதுதான், ஆனால் சுத்தியலின் முகம் அதைவிடச் சின்னது.

என் கட்டை மூன்று வருடமாக நிற்கிறது. கரையானுக்காக அடியில் பழைய எஞ்சின் ஆயில் பூசி, ஈரம் ஏறாமல் ஒரு தகடும் போட்டிருக்கிறேன். பங்குனி வெயில் ஏறும்போது மரம் சுருங்கிக் கீழ் வளையம் தளரும். போல்ட்டை அரைச்சுற்று முடுக்குவேன். ஐப்பசி அடைமழையில் மரம் ஊதும்போது அதையே கால்சுற்று இளக்கிவிடுவேன். மேல் வளையத்துக்கு இதுவரை ஒன்றும் தேவைப்படவில்லை.