பெட்டிக்குள்ளேயே பொடிந்துபோகும் ஷூ

போன தை மாதம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். 2012-ல் துபாயிலிருந்து மாமா வாங்கிவந்து கொடுத்த ஷூவை, மொத்தமாக நாலு தடவைகூடப் போடாமல் பத்திரமாக வைத்திருந்ததை, அன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். மேலே ஒரு கீறல் இல்லை, தோல் பளபளவென்று இருந்தது. மண்டபத்துப் படியேறும்போது வலது குதிகால் மெத்தையை மிதித்தது மாதிரி அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் படிக்குப் படி வெள்ளைத் துகள், ஈரத்தில் கட்டிபிடித்த ரவை மாதிரி. ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினேன், மாவாகி விரலிலேயே பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

மறுநாள் பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கட்டைவிரலால் சோலை ஒரு அழுத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. "பசை நல்லாத்தான் இருக்கு தம்பி, சோல்தான் செத்துப்போச்சு. இதுல ஊசி நிக்காது" என்றார். அவர் சொன்னது அப்படியே வேதியியல். அதைப் புரிந்துகொண்டால்தான், பழைய ஷூவில் எதைச் சரிசெய்யலாம், எதைச் செய்யவே முடியாது என்று தெரியும்.

தரையில் படும் ரப்பருக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதியை மிட்சோல் என்பார்கள். ஷூ சேகரிப்பவர்கள் தேடி அலையும் பல பழைய மாடல்களில், நைக்கியின் 1988-ன் ஜோர்டான் 3, 1989-ன் ஜோர்டான் 4 உட்பட, அது பாலியூரித்தேன் நுரை. ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் கூட வேலைசெய்தவர்களும் 1937-ல் உருவாக்கிய பொருள்தான் பாலியூரித்தேன். மெத்தென்று இருக்கும், அமுக்கினால் திரும்ப எழும்பும், தேய்மானமும் குறைவு. ஷூவில் போடும் வகையில் பெரும்பாலும் எஸ்டர் என்ற பிணைப்பு வரிசையாக இருக்கும், வம்பு அங்கேதான்.

நம்ம ஊர் மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாரில் முடிச்சு முடிச்சாகப் பூவைக் கட்டியிருக்கிறது. பாலியூரித்தேன் மூலக்கூறும் இப்படி ஒரு நீளமான சரம், எஸ்டர் பிணைப்பு அந்த நாரிலேயே இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் நுரைக்குள் நுழைந்து எஸ்டரைத் தொட்டால், அது ஒரு அமிலமாகவும் ஒரு ஆல்கஹாலாகவும் பிரிந்துவிடும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். ஒரு இடத்தில் நார் அறுந்தால் ஒரு சரம் இரண்டாகும், ஆயிரம் இடத்தில் அறுந்தால் உதிரிப்பூதான். அதைவிடக் கொடுமை, உண்டாகிற அமிலமே அடுத்த எஸ்டரை அறுப்பதை வேகப்படுத்தும். அதனால்தான் பல வருஷம் கல் மாதிரி இருந்த சோல் கடைசியில் சடசடவென்று போய்விடுகிறது. பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிந்துபோவது இந்தச் சோல்களில் சகஜம். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நடக்கும்.

வெப்பம் கூடினால் இது இன்னும் வேகமாகும். வேதிவினைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் தோராயக் கணக்கு, 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு என்பது. என் ஷூ இருந்த இடம் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, அதில் ஒரு இரும்பு பீரோ, அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் பாலித்தீன் பை. சித்திரை, வைகாசியில் அந்த அறையில் உட்கார முடியாது. ஐப்பசி மழையில் சுவரே ஓதம் காத்துக் கிடக்கும். போதாததற்கு, பூச்சி வராமல் இருக்க அம்மா போட்ட அந்துருண்டை. அது பூச்சியை விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது.

எல்லா ஷூவும் இப்படி இல்லை. ஓட்டத்துக்கான ஷூக்கள் பலவற்றில் இருக்கும் இ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிட்டேட்) நுரையிலும் எஸ்டர் உண்டு, ஆனால் அது நாரில் இல்லை, பக்கத்தில் தொங்கும் பூவில் இருக்கிறது. பூ உதிர்ந்தாலும் நார் நிற்கும். அதனால் இ.வி.ஏ. வருஷக்கணக்கில் அமுங்கித் தட்டையாகுமே தவிர இப்படி மாவாகாது. ஆகவே பழைய ஷூ வாங்குவதற்கு முன் மிட்சோல் எதனால் ஆனது என்று கேளுங்கள். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் உள்பக்கமோ, உள்ளே பக்கவாட்டிலோ தைத்திருக்கும் சின்ன லேபிளில் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலே எவ்வளவு புதிதாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மஞ்சள். வெள்ளை சோல் பழுத்துப்போனால் நம்மில் பலர் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கிறோம். அது அழுக்கே இல்லை. ஆக்சிஜனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளை மாற்றி, இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக நிற்கும் அமைப்புகளை உண்டாக்குகின்றன. அவை நீல ஒளியை விழுங்கிவிடும், மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். பொருளே நிறம் மாறியிருக்கும்போது எவ்வளவு தேய்த்தாலும் மேல்தோல்தான் போகும். இதற்கு வேண்டியது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது அந்த வரிசையை நடுவில் உடைத்துவிடும், நீலத்தை விழுங்குவது நின்றுவிடும், வெள்ளை திரும்பும். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும், அதாவது ஒரு மில்லி கரைசல் 20 மில்லி ஆக்சிஜனைத் தரும். தலைமுடிச் சாயத்துக்கான டெவலப்பர் க்ரீமும் இதே பொருள்தான், கெட்டியாக இருப்பதால் வழியாது, சோலுக்கு அதுதான் வசதி.

நான் ஒரு பழைய ஜோடியில் சோதித்துப் பார்த்தேன். சோலின் ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் க்ரீம் தடவி, காயாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மாடிக் கைப்பிடிச் சுவரில் காலை 9 மணிக்கு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தாளுக்கு அடியில் பொடிப்பொடியாகக் குமிழி. ஒரு மணிக்கு ஒருதரம் பிரித்து, துடைத்து, புதுசாகத் தடவினேன். 12 மணிக்குக் கழுவி டேப்பை உரித்தால், மறைத்த பட்டை மட்டும் பழைய சீப்பு வாழைப்பழ நிறத்தில், சுற்றிலும் ஏறக்குறைய வெள்ளை.

மதுரை வெயில் இதற்கு வரம் என்று நினைப்பீர்கள், பாதிதான் சரி. நம் ஊர் ஏறத்தாழ 9.9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரை பிறக்கிற நாட்களில் அது நம் கடிகாரத்துக்கு 12.15-ஐ ஒட்டி வரும். அந்த வேளையில் புற ஊதாவும் அதிகம், சூடும் அதிகம், க்ரீம் காய்ந்துபோய் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும், அந்தத் திட்டைப் பிறகு எடுப்பது கஷ்டம். சூட்டில் பசையும் இளகும். காலை வெயில் போதும். கையுறை கட்டாயம், பெராக்சைடு பட்டால் தோல் வெளுத்து எரியும். ஷூவின் மேல்பாகத்திலும் படவிடாதீர்கள், சாயம் போய்விடும். இன்னொன்று, நிறம்தான் திரும்புகிறது, பொருள் இளமையாகவில்லை. வெயிலில் விட்டால் மறுபடி மஞ்சளாகும்.

துவைத்துக் காயப்போட்ட வெள்ளை கேன்வாஸில் ஓரமாக மஞ்சள் படர்வது வேறு கதை. துணியிலோ பசையிலோ பிளாஸ்டிக்கிலோ கலந்திருக்கும் சில பாதுகாப்புப் பொருட்கள் காரத்தில் மஞ்சளாகும், அமிலத்தில் நிறமிழக்கும். சோப்பு மிச்சமிருந்தால் கார நிலை. ஒரு மக் தண்ணீரில் இரண்டு மூடி வெள்ளை வினிகர் விட்டுக் கடைசியாக அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

சாதாரண அழுக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் என்றாலும் திருமங்கலத்துக் கரிசல் என்றாலும் ஈரத்தோடு தேய்க்காதீர்கள். கரிசல் காய்ந்தால் சுருங்கித் தானே வெடித்து உதிரும். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, மிக நுண்ணிய துகள், ஈரத்தோடு தேய்த்தால் நெசவுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். போர்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் அதிகம், சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படியும், ஆகவே குடிதண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பு போதும். துவைக்கிற கட்டிச் சோப்பைத் தோல் ஷூவில் காட்டவே கூடாது. பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, அந்தச் சோப்போ நல்ல காரம், தோல் விறைத்து வெடிக்கும்.

சரி, செத்த சோலுக்கு என்ன வழி? அறுந்த நாரை யாராலும் திரும்பக் கட்ட முடியாது. சோலையே மாற்ற வேண்டும். அதே மாடல் பிற்பாடு மறுபடி வெளிவந்ததில் மேல்பாகம் கிழிந்துபோன ஒரு ஜோடியைச் சென்னையில் ஒருவரிடமிருந்து வாங்கினேன், அதன் சோல் இதற்குச் சரியாகப் பொருந்தியது. மாடியில் காற்றோட்டமாக உட்கார்ந்து பழைய பசையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, உப்புத்தாளால் லேசாக உரசி, இரண்டு பரப்பிலும் மெல்லிசாகப் பசை பூசினேன். உடனே ஒட்டக் கூடாது. கரைப்பான் ஆவியாகி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரணும். அப்புறம் ஹேர் டிரையரால் சூடு காட்டி அழுத்தினால் இரண்டு பக்கத்துப் பசைப்படலங்களின் சரங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். கோணலாக வைத்துவிட்டால் திருத்த முடியாது, வைக்கிற வாய்ப்பு ஒன்றுதான்.

இறுக்கிக் கட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று அந்த அண்ணனிடமே கேட்டேன். பழைய சைக்கிள் டியூப் ஒன்றை நீளவாக்கில் கிழித்துக் கொடுத்து, "சுத்திக் கட்டிட்டு ஒரு நாள் தொடாதீங்க தம்பி" என்றார். நேற்று சாயங்காலம் அவிழ்த்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், விரலை எடுத்ததும் பள்ளம் எழும்பி நிரம்பியது.