இறக்கத்தில் குடிக்கும் எஞ்சின்

குன்னூரிலிருந்து இறங்கி, பர்லியாரைத் தாண்டி, கல்லாறு பாக்குத் தோப்புகளுக்குப் பக்கத்தில் சாலை சமமாகிற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னால் வந்த காய்கறி பிக்கப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "சார், வண்டி ஆயில் எரிக்குதுங்க, புகை நீலமா வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு வருடம் ஓடிய, மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் அது. நான் வாங்கி ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று மாலை திரும்பி ஏறும்போது மைத்துனனைப் பைக்கில் பின்னால் வரச் சொன்னேன். இரண்டாவது கியரில், எஞ்சின் அலற அலற, வளைவுகள் அத்தனையும் ஏறினேன். புகை என்று சொல்ல ஒன்றுமே இல்லை என்றான். மலையில் யாரைக் கேட்டாலும், ஏற்றத்தில் வண்டி சிரமப்படும், அதனால் ஆயில் குடிக்கும் என்பார்கள். என் கார் நேர்மாறாக நடந்துகொண்டது. சிரமமே இல்லாமல் உருண்டு இறங்கும்போதுதான் குடித்திருக்கிறது.

முதலில் ஒன்று. ஆயில் துளிகூடக் குடிக்காத எஞ்சின் உலகத்தில் கிடையாது. பிஸ்டன் உரசாமல் ஓட வேண்டுமானால் சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருந்தே ஆக வேண்டும். பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டின் முக்கிய வேலை வெடிப்பின் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது. மூன்றாவது, ஆயில் ரிங். கல்லில் ஒட்டிய தோசை மாவை வழிப்பது போல, பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் சுவரில் மிஞ்சிய ஆயிலை வழித்துக் கீழே தள்ளும். எவ்வளவு நன்றாக வழித்தாலும் ஒரு துளி மிச்சம் இருக்கும், அது எரியும். ஆரோக்கியமான எஞ்சினில் இது ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கண்ணுக்கே தெரியாத அளவு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று சில கம்பெனிகளின் கையேடுகளே சொல்கின்றன. என்னைக் கேட்டால் அது உத்தரவாதச் சண்டையைத் தவிர்க்க எழுதிய எண்.

இருந்தாலும் அந்த ஒரு லிட்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையில் சராசரி 30 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2500 சுற்று என்று வைத்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சின் சுமார் 50 லட்சம் முறை சுற்றும். மூன்று சிலிண்டரும் சேர்ந்து 75 லட்சம் வெடிப்புகள். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 20,000 சொட்டு. அதாவது 375 வெடிப்புக்கு ஒரே ஒரு சொட்டு கசிந்தால் போதும், லிட்டர் காலி. "ரிங் போயிடுச்சு" என்று மெக்கானிக் சாதாரணமாகச் சொல்லும் தேய்மானம் எவ்வளவு நுண்ணியது என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, இறக்கத்தில் என்ன நடக்கிறது?

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டர் என்பது உண்மையில் காற்றுக்கான கதவு. மிதித்தால் கதவு திறக்கும், காற்று போகும், அதற்கேற்ற பெட்ரோலும் போகும். காலை எடுத்தால் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். ஆனால் இறக்கத்தில் கியரில் இருக்கும் வண்டியின் சக்கரங்கள் எஞ்சினை விடாமல் சுற்றுகின்றன. பிஸ்டன் கீழே இறங்கி காற்றை உறிஞ்சப் பார்க்கிறது. கதவு மூடியிருப்பதால் காற்று வருவதில்லை. ஊசி போடும் சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கத்தை இழுத்துப் பாருங்கள், அதே இழுவைதான். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இந்த இழுவைதான் வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சின் பிரேக்கின் பெரும்பகுதி. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதை நம்பித்தான்.

ஆனால் பிஸ்டனுக்குக் கீழே, ஆயில் தெறித்துக்கொண்டிருக்கும் அறையில், அழுத்தம் வெளிக்காற்றின் அளவிலேயே இருக்கிறது. மேலே வால்வுகளின் தலைமாட்டில், டேப்பட் கவருக்கு அடியிலும் அப்படியே. இரண்டு பக்கமும் ஆயில், நடுவில் காற்று குறைந்த வெற்றிடம். எந்தச் சந்து கிடைத்தாலும் ஆயில் உள்ளே இழுபடும். வழக்கமான சந்து, வால்வுத் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும் சின்ன ரப்பர் சீல். வருடக்கணக்கில் வெந்து வெந்து அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும், கவ்வாது.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சாலை சுமார் 1500 மீட்டர் உயரம் இறங்குகிறது, பெரும்பாலும் கால் ஆக்சிலேட்டரில் படாமலே. சமவெளியில் ஓடும் கார் இப்படி நீளமாக மூச்சை உள்ளிழுத்துப் பிடித்திருக்க வாய்ப்பே இல்லை. இன்னொன்றும் உண்டு. ஊட்டியில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். எனவே கீழே போகப் போக வெளியழுத்தம் கூடும், உறிஞ்சலின் வலுவும் கூடும். இந்தக் கால எஞ்சின்கள் இறக்கத்தில் பெட்ரோலையும் நிறுத்திவிடுகின்றன. நெருப்பு இல்லாததால் இழுபட்ட ஆயில் பெரும்பாலும் எரியாமல் அங்கங்கே தேங்கி நிற்கும். கல்லாற்றில் நான் ஆக்சிலேட்டரை மிதித்ததும் தேங்கியதெல்லாம் ஒரேயடியாக எரிந்து பிக்கப்காரர் முகத்தில் அடித்தது.

அப்படியானால் மலை மக்கள் சொல்வது தவறா? இல்லை. அவர்கள் சொல்வது டீசல் வண்டிக் கதை. கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி இறங்கி, அரிசியும் சிமென்டுமாகத் திரும்பும் பிக்கப்களில் டீசல் எஞ்சின். அதில் பழைய வண்டிகளுக்கு இந்தக் காற்றுக் கதவே கிடையாது. புதியவற்றில் இருந்தாலும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதனால் இறக்கத்தில் பெரிய உறிஞ்சல் இல்லை. சுமையோடு ஏறும்போது வெடிப்பின் அழுத்தம் தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கீழே பாய்ந்து, அங்குள்ள ஆயிலைப் புகையாகக் கிளப்பி, மூச்சுக்குழாய் வழியே எஞ்சினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும். அந்த ஓட்டுநர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புஸ் புஸ் என்று ஊதும். அவர் வண்டிக்கு ஏற்றம், என் வண்டிக்கு இறக்கம். வியாதி ஒன்றுதான், வலிக்கிற நேரம் வேறு.

புகை ஏன் நீலம் என்றும் சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. எரிந்தும் எரியாமலும் வெளிவரும் ஆயில் மிக நுண்ணிய துளிகளாக இருக்கும். அவ்வளவு சின்னத் துகள்கள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால் எங்கள் மலைகள் நீலமாகத் தெரிவதும், இடையில் உள்ள காற்றும் மெல்லிய மாசும் நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான். டிசம்பர் காலையில் ஊட்டியில் எல்லா வண்டிக்கும் பின்னால் வெள்ளையாக வருவது நீராவி குளிர்ந்து உண்டான துளிகள். அவை பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறடிப்பதால் வெள்ளை. எஞ்சின் சூடானதும் அது மறைந்துவிடும், பயம் வேண்டாம்.

அப்புறம் என்னை இரண்டு மாதம் குழப்பியது டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு என்று நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டங்களாக அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினேன், அளவு குறையவே இல்லை. ஒரே ஒரு முறை கோவை போய் வந்தேன், குறியின் பாதிக்கு இறங்கிவிட்டது. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். காரணம் அதைவிடச் சுவாரசியமானது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். மலைக் குளிரில், எஞ்சின் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுவதால், அந்த நீர் குளிர்ந்த சுவரில் படிந்து ஆயிலோடு சேரும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது தேவைக்கு மேல் பீய்ச்சப்படும் பெட்ரோலும் கூடவே வழியும். ஆயில் குறையக் குறைய இவை இரண்டும் இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தன. குச்சி எனக்குப் பொய் சொன்னது. கோவை நெடுஞ்சாலையில் ஆயில் நன்றாகச் சூடானதும் நீரும் பெட்ரோலும் ஆவியாகி ஓடின. குன்னூரில் குடித்த கணக்குதான் கோவையில் வெளியே வந்தது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல வெள்ளையாக ஒட்டியிருந்ததும் அந்த நீர்தான். அதைப் பார்த்ததும் ஹெட் பேக்கிங் போய்விட்டது, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று பதறுபவர்கள் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லையென்றால் ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்து மறுபடி பார்ப்பது நல்லது.

அளவு பார்க்கச் சமதளம் வேண்டும் என்பது விதி. எங்கள் தெருவில் ஒரு டம்ளரைக்கூடச் சமமாக வைக்க முடியாது. வண்டியின் மூக்கு மேலே பார்த்தால் ஒரு அளவு, கீழே பார்த்தால் வேறு அளவு. கடைசியில் பெட்ரோல் பங்க்கின் காற்றுப் பிடிக்கும் மூலையைத் தேர்ந்துகொண்டேன். எப்போதும் அதே இடம், எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். அது காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. ஆயில் மிகக் குறைந்த பிறகு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மிச்ச ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டும். அது முதல் எச்சரிக்கை அல்ல, கிட்டத்தட்ட கடைசி.

மெக்கானிக் அண்ணன் புகைக் கதையைக் கேட்டதுமே "போர் வேலைதாங்க" என்றார், அதாவது எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டனும் ரிங்கும் போடும் பெரிய வேலை. கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பிடிவாதமாக நின்றேன். முதலில் அடியில் கசிவு தேடினோம். டேப்பட் கவர் பேக்கிங்கில் லேசான ஈரம், அவ்வளவுதான். எஞ்சினின் மூச்சுக்குழாயில் உள்ள சின்ன வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அது வழியாகவே ஆயில் ஆவி உறிஞ்சப்படும். விலை குறைவு என்பதால் கேட்காமலே மாற்றினோம். மூன்று பிளக்குகளையும் கழற்றியபோது ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. கம்ப்ரஷன் மூன்றிலும் ஒரே அளவு. எதிலாவது குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இங்கே ஒரு சூட்சுமம்: கம்ப்ரஷன் நன்றாக இருப்பது மேல் இரண்டு ரிங்குக்கான சான்றிதழ் மட்டுமே. ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் எண் அழகாகத்தான் வரும்.

வால்வு சீல் மாற்ற எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டியதில்லை என்று அண்ணனே செய்துகாட்டினார். பிளக் துளை வழியே நைலான் கயிற்றை உள்ளே திணித்து, பிஸ்டனைக் கையால் சுற்றி மேலே கொண்டுவந்தார். நசுங்கிய கயிறு வால்வுகளைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ள, ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய சீலைப் பிடுங்கினார். விரலால் வளைத்தால் முறிந்தது. அதன் பிறகு ஆயில் ரிங்குக்காக, கரி கரைக்கும் திரவத்தைச் சிலிண்டர்களில் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டோம். காலையில் பிளக் போடாமலேயே எஞ்சினைச் சுற்றி மிச்சத்தை வெளியே தள்ளினோம். இதை மறந்து பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்தால் திரவம் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். பிறகு புது ஆயில்.

கெட்டியாக 20W-50 ரக ஆயில் ஊற்றிவிடலாமா என்ற யோசனைக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டி ஆயில் சந்துகளில் மெதுவாக நுழையும் என்பது உண்மை. ஆனால் W-க்கு முன்னால் உள்ள எண் குளிரில் அது எவ்வளவு இளகும் என்பதைக் காட்டுவது. உறைபனிக் காலையில் 20W தேன் போல நிற்கும். முதல் சில விநாடிகள் எஞ்சின் காய்ந்தே ஓடும். கையேட்டில் அனுமதித்த வரம்புக்குள் ஒரு படி கெட்டியாக ஊற்றினால் போதும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு 700 மில்லி குடித்தது இப்போது 250-க்கு வந்திருக்கிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், சைலன்சர் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மெல்ல விஷமாக்கும் என்பதால் 700-ஐ என்னால் சகித்திருக்க முடியாது. 250-ஐ முடியும். டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா இருக்கிறது. போர் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

போன மாதம் மைத்துனன் கோத்தகிரியில் ஒரு பழைய கார் பார்த்தான். காலை ஏழு மணிக்கே போனோம். பானட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. ராத்திரி முழுக்க சீல் வழியாக வடிந்த ஆயில் முதல் ஸ்டார்ட்டில்தான் புகையாக வரும், அது ஏற்கெனவே போய்விட்டிருக்கும். டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். மறுநாள் ஐந்தரைக்குப் போய் நின்றோம், சொல்லாமல்.