பட்டினி கிடக்கும் செல் ஏன் கொழுப்பைச் சேர்க்கிறது?

ஆய்வகத்தில் வளரும் செல்களை, சத்து எதுவும் இல்லாத வெறும் உப்புக் கரைசலில் பல மணி நேரம் பட்டினி போடுகிறார்கள். உள்ளே இருக்கும் கொழுப்பு கரைந்து தீர்ந்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பதோ தலைகீழ். கொழுப்பில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், முன்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கொழுப்புத் துளிகள் இப்போது கூட்டம் கூட்டமாக மின்னுகின்றன. அவற்றை உரசிக்கொண்டு, எரிபொருளை எரித்துச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நீள நீளமாக இழையோடிக் கிடக்கின்றன.

சாப்பாடே இல்லாத நேரத்தில் இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

செல் தன்னையே தின்கிறது. இதைத் தன்விழுங்கல் என்பார்கள். பழைய சவ்வுகளையும் உறுப்புகளையும் லைசோசோம் என்ற செரிப்புப் பைக்குள் தள்ளிச் சிதைக்கும்போது, சவ்வுகளில் இருந்த கொழுப்பு அமிலங்கள் மளமளவென்று வெளியே வருகின்றன. இவை எரிபொருள்தான்; ஆனால் கட்டவிழ்ந்து திரியும்போது ஆபத்தானவை. சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் உப்பு. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதைப் போல, தனித்துத் திரியும் கொழுப்பு அமிலங்கள் செல்லின் சவ்வுகளைக் குலைத்துவிடும்.

அதனால் செல் அவற்றைப் பூட்டி வைக்கிறது. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்களைக் கோத்து டிரைகிளிசரைடு ஆக்கினால் அந்தச் சோப்புக் குணம் போய்விடும். செல்லுக்குள் பரவிக் கிடக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வு உறுப்பில், சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இந்த எண்ணெய் திரண்டு, மொட்டு போலப் புடைத்து, துளியாக வெளிவருகிறது. சவ்வு சூழ்ந்த மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சவ்வில் இரண்டு அடுக்கு. துளிக்கு ஒரே அடுக்குதான். உள்ளே இருப்பது எண்ணெய் என்பதால் இரண்டாவது அடுக்குக்கு அவசியமே இல்லை.

கோக்கும் வேலையின் கடைசிப் படியைச் செய்யும் நொதிகளில் ஒன்று டிஜிஏடி1. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பட்டினி கிடக்கும் செல்களில் இந்த நொதியை முடக்கினார்கள். துளிகள் உருவாகவில்லை. கொழுப்பு அமிலங்கள் அசைல்கார்னிட்டின் என்ற வடிவில் குவிந்தன. மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு குலைந்தது. கொழுப்புத் துளியை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று சொல்வது எவ்வளவு குறைவான பேச்சு என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளத்தைத் தேக்கி, மைட்டோகாண்ட்ரியா தாங்கும் அளவுக்கு மட்டும் திறந்துவிடுகிற அணை அது.

சரி, மதகு எப்படித் திறக்கிறது? துளியின் மேற்பரப்பில் இருக்கும் ஏடிஜிஎல் நொதி முதல் கொழுப்பு அமிலத்தைக் கழற்றுகிறது. மிச்சத்தை வேறு நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. இதயத்தசை போன்ற இடங்களில் பெரிலிப்பின் 5 என்ற புரதம் துளியையும் மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. கைமாறும் தூரம் குறைந்தால் கொழுப்பு அமிலம் வழியில் சிதறி நாசம் செய்வதும் குறையும். மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் சிபிடி1 நொதி அதைக் கார்னிட்டின் என்ற சிறு சுமப்பு மூலக்கூறோடு இணைத்து உள்ளே அனுப்புகிறது. அப்புறம் எரிப்புதான். 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் 7 சுற்றுகளில் இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்பட்டு, கடைசியில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் சுமார் 106 கிடைக்கின்றன. ஒரு குளுக்கோஸ் தருவது 30 முதல் 32 வரைதான்.

மைட்டோகாண்ட்ரியா ஏன் நீண்டு கிடக்கிறது என்பதற்கும் விடை உண்டு. செல் உயிரியலாளர் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸின் குழு, ஒளிரும் கொழுப்பு அமிலம் ஒன்றைச் செல்லுக்குள் விட்டு அதன் பயணத்தைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியிட்டது. மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து வலையாக இருந்தபோது கொழுப்பு எல்லா இடத்துக்கும் சீராகப் பரவி எரிந்தது. இணைய விடாமல் தடுத்தபோது பரவவும் இல்லை, சரியாக எரியவும் இல்லை. ஒரு பங்கு துளிக்கே திரும்பியது, இன்னொரு பங்கு செல்லை விட்டே வெளியேறியது.

ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலே கொழுப்பு எரிகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உடலுக்கு வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்புத் திசுவில் துளியோடு ஒட்டிய மைட்டோகாண்ட்ரியாக்களைத் தனியே பிரித்துப் பார்த்த 2018 ஆய்வில், அவை கொழுப்பைக் குறைவாகவே எரித்தன. நிறைய ஏடிபி தயாரித்து, துளி மேலும் வளரத்தான் உதவின.

மைட்டோகாண்ட்ரியாவே பழுதாகிவிட்டால் எரிக்க ஆளில்லை; கொழுப்பு தேங்கும். ரெய் நோய்க்குறியில் நடப்பது இதுதான். வைரஸ் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் அரிதாக வரும் இந்த நோயில், மைட்டோகாண்ட்ரியா சேதமடைந்து, கல்லீரல் செல்கள் நுண்ணிய துளிகளால் நிரம்பிவிடுகின்றன.

மூளையில் கதை இன்னும் நுட்பமானது. மரபியலாளர் ஹ்யூகோ பெல்லனின் குழு பழ ஈக்களின் நரம்பு செல்களில் மைட்டோகாண்ட்ரியாவைப் பழுதாக்கியது. துளிகள் தோன்றியதோ நரம்பு செல்லில் அல்ல, பக்கத்தில் இருந்து அதைப் பராமரிக்கும் கிளியா செல்களில்! பழுதான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளால் நரம்பு செல்லில் கொழுப்பு உற்பத்தி கூடுகிறது. அந்தக் கொழுப்பைப் புரதங்கள் சுமந்துபோய் அண்டை செல்லில் சேர்க்கின்றன. ஆரம்பத்தில் இது காப்பு. நாளானால், எண்ணெய் காறிப்போவதைப் போலவே துளிக்குள் இருக்கும் கொழுப்பும் ஆக்சிஜனால் கெட்டு, கிளியாவையே கெடுக்கத் தொடங்குகிறது.

மனிதர்களில் அப்படிச் சுமக்கும் புரதங்களில் ஒன்று ஏபிஓஇ. அதன் வகைகளை ஈக்களில் வைத்துச் சோதித்தபோது, ஏபிஓஇ2, ஏபிஓஇ3 இரண்டும் கிளியாவில் துளிகள் உருவாக உதவின. ஏபிஓஇ4 அந்த வேலையில் தடுமாறியது. முதுமையில் வரும் அல்சைமர் நோய்க்கு மிக வலுவான மரபணு ஆபத்துக் காரணியாக அறியப்பட்டிருப்பது அந்த ஏபிஓஇ4-தான்.